சாணி எரு போட்டால் மண் சுத்தமாகிவிடுமா?

பாப்பா, வாலாஜாபேட்டை வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற மூன்று சென்ட்டில் காய்கறி போட ஆசைப்படுகிறாய். சுற்றுவட்டாரத்தில் அத்தனை டேனரிகள் இருக்கிறதே, கழிவு நம் மண்ணிலும் இறங்கியிருக்குமோ என்று பயமும் இருக்கிறது. லோடு கணக்கில் சாணி எரு அடித்தால் எல்லாம் முறிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், சரியா என்று கேட்டாய். மண் பரிசோதனைக் கூடத்தில் பாதி ஆயுசைக் கழித்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். எரு போடு, தப்பே இல்லை. ஆனால் எந்த எருவும் எந்த உலோகத்தையும் முறிக்காது. ஈயத்தின் மேல் எத்தனை வண்டி சாணி கொட்டினாலும் அடியில் இருப்பது ஈயம்தான். எருவால் முடிந்தது அதைக் கட்டிப்போடுவது. ஒன்றிரண்டு உலோகங்களில் அதன் குணத்தையே மாற்றிவிடும். இன்னும் சிலவற்றில், கட்டிக் கிடந்ததை அதுவே அவிழ்த்தும் விடும். அதனால் என் முதல் கேள்வி, உன் மண்ணில் இருப்பது எந்த உலோகம்?

துண்டு போட்டு இடம் பிடிக்கிற விஷயம்

எரு மக்கி மக்கிக் கடைசியில் கருப்பாக, பிசுபிசுப்பாக மிஞ்சுகிறதே, அந்த மட்குதான் இந்தக் கதையின் நாயகன். அதன் மேல்பரப்பு முழுக்க எதிர்மின்னேற்றம் உள்ள இடங்கள் இருக்கின்றன. மண்ணுக்குள் நீரில் கரைந்து திரியும் உலோகங்கள் பெரும்பாலும் நேர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். திருவிழா நாளில் நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படித்தான். களிமண்ணிலும் சீட் உண்டு. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் மட்கில் பல மடங்கு அதிகம்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி உட்காருவதில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள். தாமிரமும் ஈயமும் உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஜாதி. காட்மியம், துத்தநாகம், நிக்கல் எல்லாம் சீட் நுனியில் உட்கார்ந்திருப்பவை. கொஞ்சம் நெருக்கினால் எழுந்துவிடும். நெருக்குவது யார்? மண் புளித்தால், அதாவது அமிலமானால், ஹைட்ரஜன் அயனி கூட்டமாக ஏறி எல்லோரையும் எழுப்பிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மட்கும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. நம்ம ஊர் வெயிலுக்கு, நுண்ணுயிர்கள் அதை வருஷா வருஷம் தின்று தீர்த்துக்கொண்டே இருக்கும். சீட்டே போனால் அதில் உட்கார்ந்திருந்த உலோகம் எங்கே போகும்? கொஞ்சம் களிமண்ணிலும் இரும்புத் துகள்களிலும் போய் ஒட்டும், மீதி மண்நீரில் இறங்கி வேருக்குப் போகும். ஒரே தடவை பத்து லோடு கொட்டிவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. வருஷம்தோறும் கொஞ்சம் போடுகிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அட்டையை நம்பி இருக்காதே

உன்னிடம் மண்வள அட்டை இருக்கிறது, அதில் எல்லாம் "சரி" என்று வந்திருக்கிறது என்றாய். 2015 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பார்ப்பது பன்னிரண்டு விஷயங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கார்பன். ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, குரோமியம் இல்லை. செடிக்கு என்ன குறைவு என்று சொல்லத்தான் அந்த அட்டை. உன் பிள்ளைக்கு என்ன அதிகம் என்று அது சொல்லாது.

ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. கடைசி மூன்று வரியும் உனக்குத் தங்கம். அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் அதிகம் என்று கணக்கு. அதை 1.724ஆல் பெருக்கினால் மண்ணில் உள்ள மொத்த அங்ககப் பொருளின் அளவு வரும். கார அமில நிலை ஏழுக்குக் கீழே போகிறதா மேலே போகிறதா என்று பார். உப்பின் அளவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உலோகத்துக்குத் தனியாகக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேப் எதுவாக இருந்தாலும் சரி. "ஹெவி மெட்டல் டெஸ்ட்" என்று மொட்டையாகக் கேட்காதே. அவர்கள் ஒரு நீளமான பட்டியலை நீட்டி ஒரு பெரிய பில்லையும் நீட்டுவார்கள். ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், தாமிரம் போதும். குரோமியத்தில் மட்டும் மொத்த அளவோடு, ஆறு இணைதிறன் உள்ளது எவ்வளவு என்று தனியே கேள். ஏன் என்று சொல்கிறேன். முடிந்தால், செடி எடுக்கக்கூடிய அளவையும் கேட்டு வாங்கு. எருவால் குறைவது அந்த எண்தான். மொத்த அளவு அப்படியே நிற்கும். இது தெரியாமல், "எரு போட்டும் குறையவே இல்லையே" என்று வந்து சண்டை போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மண் எடுக்கிறபோது அவசரப்படாதே. மேலே கிடக்கிற சருகை மட்டும் விலக்கு, மண்ணைச் சுரண்டாதே. 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் சரிந்த சுவரில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சீவி எடு. தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படி எடுத்து, பிளாஸ்டிக் தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடு. மறுபடி கலந்து மறுபடி பிரி. அரை கிலோ மிஞ்சும்வரை இதையே செய். நிழலில் காயவை. துத்தநாகம் பூசிய தகரச் சட்டியிலோ பெயின்ட் உரியும் கரண்டியிலோ அள்ளாதே, அதுவே ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். வீட்டுச் சுவர் ஓரத்து மண்ணை இதோடு கலக்காமல் தனிப் பையில் கட்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்கிற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்ட்டைச் சுரண்டினால் சுவரடியில்தான் விழுந்திருக்கும். ரோட்டோர மண் என்றாலும் தனிப் பைதான். பெட்ரோலில் ஈயம் 2000ஆம் ஆண்டு வரை இருந்தது, ஈயம் ஆவியாகியும் போகாது, கரைந்தும் போகாது, விழுந்த இடத்திலேயே மேல்மண்ணில் கிடக்கும்.

ஈயத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், சாதாரண மண்ணில் 10 முதல் 50 பி.பி.எம். வரை இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வீட்டு மண்ணுக்கான எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 400லிருந்து 200 ஆகக் குறைத்தது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் நான் 200ஐயே எடுத்துக்கொள்வேன்.

நம்ம ஊர் குரோமியம்

உன் ஊருக்கு இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் படி.

குரோமியத்துக்கு இரண்டு முகம். மூன்று இணைதிறன் கொண்டது மந்தமானது. நீரில் அதிகம் கரையாது, மண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது குரோமேட். அது எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் மட்கின் சீட்டில் உட்காரவே உட்காராது. தண்ணீரோடு தண்ணீராக ஓடும், நிலத்தடி நீருக்கு இறங்கும். மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் வரும் என்பது உறுதியான விஷயம்.

டேனரியில் தோலுக்குப் போடுவது குரோமியம் சல்பேட், மூன்று இணைதிறன் ஜாதி. வழக்கமான முறையில் மூன்றில் இரண்டு பங்கு அளவைத்தான் தோல் குடிக்கும். மீதி கழிவுநீரில் போகும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்டபோது இந்தத் தொல்லை கிடையாது. குரோமியம் வந்தபின் வேலை சீக்கிரம் முடிந்தது, கழிவு மாறியது. ஆனால் அந்தக் குரோமியம் சல்பேட்டைத் தயாரிக்க முதலில் குரோமேட் வேண்டும். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்து வறுத்து எடுப்பார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் செய்தது அந்த வேலைதான். ஆலை மூடியும் ஆண்டுகள் ஓடிவிட்டன, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவியலாக நின்றது. 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகத்திலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது செர்னோபிலோடு சேர்த்து ராணிப்பேட்டை பெயரும் அதில் இருந்தது. ஆக, ஒரே தாலுகாவுக்குள் குரோமியத்தின் இரண்டு முகமும் உண்டு. நீ எதன் பக்கம் இருக்கிறாய் என்று மொத்த அளவைப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் லேப்பில் தனியே கேட்கச் சொன்னேன்.

இங்கேதான் எரு தன் முழு வித்தையையும் காட்டும். மட்கும் அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் குரோமேட்டுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, ஆறு இணைதிறனை மூன்றாக இறக்கிவிடும். இறங்கியதும் ஓடிக்கொண்டிருந்தது உட்கார்ந்துவிடும். உலோகத்தை அழிக்காது, ஆனால் ஆளை மாற்றும் என்றேனே, அது இதுதான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, இந்த வேலை அமில மண்ணில் வேகமாக நடக்கும், கார மண்ணில் இழுத்தடிக்கும். பாலாற்றுப் பக்கத்தில் உப்பும் களரும் ஏறிய நிலம்தான் பல இடத்தில். இரண்டு, மண்ணில் இருக்கிற மாங்கனீசு ஆக்சைடு இதற்கு நேர் எதிர் வேலை செய்யும். மூன்றை மறுபடி ஆறாக ஏற்றும். எருவும் மாங்கனீசும் இரண்டு பக்கமும் கயிறு இழுக்க, மட்கு தீர்ந்துபோன வருஷம் மாங்கனீசு பக்கம் சாயும். அதனால் டேனரிப் பக்கத்து மண்ணில் எரு போடுவதை நிறுத்தக்கூடாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மண்ணின் மேல் மஞ்சள் பொருக்கு படிந்தாலோ, குழியில் ஊறும் தண்ணீர் மஞ்சளாக இருந்தாலோ, அங்கே நீ எரு, கிரு எதுவும் போட்டுப் பரிசோதனை செய்யாதே. கையால் தொடாமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுது. அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்குகிற சமாசாரம் கிடையாது. போர் தண்ணீரையும் ஒரு தடவை சோதித்துவிடு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. தண்ணீரே கெட்டிருந்தால், அதையே பாய்ச்சிக்கொண்டு பாத்திக்கு எரு போடுவதில் அர்த்தமே இல்லை.

உப்பைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேன் இல்லையா? டேனரிக் கழிவு என்றால் எல்லோரும் குரோமியத்தையே பேசுகிறார்கள், ஆனால் நிலத்தைக் கொன்றதில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பில் ஊற வைத்துத்தான் கொண்டுவருவார்கள், அது அத்தனையும் கழுவித் தண்ணீரில் போகும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனது என்று ஓர் ஆய்வை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எரு உப்பை உறிஞ்சி வைக்காது. தவிர, உப்பில் உள்ள குளோரைடு, காட்மியத்தைச் சீட்டிலிருந்து கிளப்பிக் கூட்டிக்கொண்டு போய் வேருக்குள் விட்டுவிடும். உப்பின் அளவு ஏறியிருந்தால் முதலில் வடிகால் பார், நல்ல தண்ணீர் விட்டு அலசு, வேளாண் அலுவலர் சொன்னால் ஜிப்சம் போடு. உலோகம் அதற்குப் பிறகு.

எருவை எப்படிப் பார்த்து வாங்குவது

அரைவேக்காட்டு எரு வேண்டவே வேண்டாம். பச்சைச் சாணிக் குவியலின் அடியிலிருந்து மழை பெய்தால் டீத்தூள் நிறத்தில் ஒரு தண்ணீர் வடியும், பார்த்திருப்பாய். அது கரைந்த அங்ககப் பொருள். அதற்கும் சீட் உண்டு, ஆனால் அது மண்ணோடு நிற்காமல் தண்ணீரோடு நகரும். தாமிரமும் ஈயமும் அதில் ஏறிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும், வேர் பக்கமும் போகும். நன்றாக மக்கிய எருவில் இது மிகவும் குறைவு. மக்கியதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கை அள்ளிப் பிடி. சூடு இருக்கக்கூடாது. மழை விழுந்த மண் வாசனை வர வேண்டும், அமோனியா நெடி மூக்கில் ஏறினால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். பிசைந்தால் உதிர வேண்டும், வைக்கோல் வைக்கோலாகத் தெரியக்கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு வை, தண்ணீர் கறுத்த டீ மாதிரி ஆனால் இன்னும் இரண்டு மாதம் குவித்து மூடிவை.

அடுத்தது, எருவே உலோகத்தைக் கொண்டுவரும். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. குப்பைக்கிடங்கில் தயாராகும் நகரக் கம்போஸ்டில் பேட்டரித் துண்டும் டியூப்லைட் உடைசலும் பெயின்ட்டும் கலந்திருக்கலாம். திடக்கழிவு விதிகளில் 2016இலேயே அளவு போட்டிருக்கிறார்கள். கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, தாமிரம் 300, நிக்கல் 50, துத்தநாகம் 1000, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. வாங்குகிற இடத்தில் ரிப்போர்ட் கேள். "அதெல்லாம் இருக்கும்மா" என்று சொன்னால் காட்டச் சொல். கோழி எருவில் தாமிரமும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் தீவனத்திலேயே சேர்க்கிறார்கள், கொஞ்சமாகப் போடு. தோல் கழிவு உரம் என்று யாராவது மூட்டை கொண்டுவந்தால், பதனிடுவதற்கு முந்தைய சதைக் கழிவா, குரோமியம் ஏறிய பிறகு சீவிய ஷேவிங் தூளா என்று கேள். பதில் தெளிவாக வராவிட்டால் மூட்டை வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

பிளைவுட், பெயின்ட் அடித்த மரம், குப்பை எரித்த சாம்பல் எதையும் குழியில் சேர்க்காதே. நல்ல விறகுச் சாம்பல் என்றாலும் பி.எச். பார்த்துத்தான். மண் புளிப்பாக இருந்தால் சாம்பலும் சுண்ணாம்பும் ஈயத்தையும் காட்மியத்தையும் இறுக்கிவிடும், சந்தோஷமாகப் போடலாம். உன் மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் பலனில்லை. குரோமேட்டும் ஆர்சனிக்கும் இருந்தால் காரம் ஏற ஏற அவை கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரி சாம்பல் போட்டாள் என்று நீயும் போடாதே.

ஈயம் மட்டும்தான் பிரச்சினை என்று ரிப்போர்ட் சொன்னால், எலும்புத் தூள் கொஞ்சம் சேர்க்கலாம். அதில் உள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். ஆர்சனிக் இருக்கிற மண்ணில் இதே பாஸ்பேட் ஆர்சனிக்கை எழுப்பிவிடும், அங்கே கூடாது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, உமிக்கரி இரண்டையும் எருவோடு ஊறவைத்துப் போடுவதை நான் மனதார ஆதரிக்கிறேன். கரி, எருவைப்போல ஒரே வெயிலில் தீர்ந்துபோகாது, பல வருஷம் நின்று பிடித்து வைக்கும்.

எவ்வளவு போடுவது என்று கேட்பாய். காய்கறிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்பது வேளாண்மைப் பரிந்துரை. ஒரு சென்ட்டுக்கு நூறு கிலோ. உனக்கு மூன்று சென்ட், முந்நூறு கிலோ, அவ்வளவுதான். லோடு லாரி தேவையில்லை. இதைப் போட்டதும் மண் மாறிவிடும் என்று நினைக்காதே. ஒரு சென்ட்டில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணின் எடை எட்டரை டன் வரும். அதில் அங்ககக் கார்பனை அரை சதவீதம் ஏற்ற வேண்டுமென்றால் நாற்பது கிலோவுக்கு மேல் சுத்தக் கார்பன் மண்ணில் தங்கியாக வேண்டும். நூறு கிலோ எருவில் பாதி தண்ணீர், மீதியில் பெரும்பங்கு ஒரே வருஷத்தில் காற்றாகப் போய்விடும். கணக்கை நீயே போட்டுப் பார்த்துக்கொள், எத்தனை வருஷத்து வேலை என்று. இடையில் தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதால் கொஞ்சம் கைகொடுக்கும். பாத்தியைச் சும்மா சும்மா கொத்திக் கிளறாதே. கிளறக் கிளற மட்கு வேகமாக எரியும்.

பாதரசம், ஆர்சனிக்: ஒரு பார்வை

உனக்கு இவை வேண்டாம், ஆனால் உன் நாத்தனார் கேட்டாள் என்றாயே, அதற்காக. பாதரசம் மட்கில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாக உட்காரும். ஆனால் தண்ணீர் தேங்கிக் காற்று போகாத சேற்றில், மட்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும், அது மீனில் ஏறும். 2001இல் மூடிய கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மண்ணைப் பற்றி அத்தனை வருஷம் பேசினார்கள் என்றால் சும்மா இல்லை. ஆர்சனிக் வேறு மாதிரி. வங்கதேசம், மேற்கு வங்கத்து நெல் வயல்களில் தண்ணீர் கட்டி அங்ககப் பொருளும் அதிகம் இருந்தால், ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புத் துரு கரைந்து ஆர்சனிக் வெளியே வரும். காட்மியம் இதற்குத் தலைகீழ். ஜப்பானில் தோயாமா பகுதியில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் நெல்லில் காட்மியம் ஏறி இதாய்-இதாய் நோய் வந்தது. 1968இல் அரசே அதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. வயலில் தண்ணீர் நின்றால் காட்மியம் அடங்கும், வடித்துக் காயவிட்டால் கிளம்பும். ஒரே வயலில் இரண்டும் இருந்தால் விவசாயி பாடு திண்டாட்டம்தான்.

எதை எங்கே நடலாம்

ஈயம் அதிகம் என்றால் முள்ளங்கி, கேரட், கிழங்கு வேண்டாம். தோலோடு மண் ஒட்டும். கீரையில் வேர் வழியாக ஏறுவதைவிட, மழைத்துளி தெறித்து இலையில் ஒட்டும் மண்தான் அதிகம். அதற்கு மூடாக்குப் போடு, வைக்கோலோ தென்னை ஓலையோ கனமாக. காட்மியம் அதிகம் என்றால் கீரையே வேண்டாம்; அது இலைக்கு ஏறுகிற சாதி, கழுவினாலும் போகாது. தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை, புடலை எல்லாம் காயாகப் பறிப்பவை. காய்க்குள் ஈயம் அவ்வளவாக வராது. கீரை ஆசைக்குத் தொட்டியோ, துணி விரித்து மேலே ஓர் அடிக்கு வெளியிலிருந்து நல்ல மண் போட்ட பாத்தியோ வைத்துக்கொள். தென்னை நார்க்கழிவு கலக்குவதாக இருந்தால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டுக் கல. பறித்த கீரையைத் தண்ணீரில் துளி வினிகர் விட்டு அலசினால் ஒட்டிய மண் நன்றாக விடும்.

சூரியகாந்தி, கடுகு நட்டால் உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று வீடியோ அனுப்பியிருந்தாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீ ஒரு பக்கம் எருவால் உலோகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, மறுபக்கம் செடியை விட்டு எடுக்கச் சொல்கிறாய். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் வேலை. எடுக்கிறதும் சொற்பம், பல பத்து வருஷம் ஆகும். அப்படி நட்டாலும் அந்தச் செடியை ஆட்டுக்குப் போடாதே, எருக்குழியிலும் போடாதே, போட்டால் எடுத்ததெல்லாம் திரும்பப் பாத்திக்கே வந்துவிடும்.

ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதத்தில், அதே இடங்களில் மண்ணெடுத்துப் பார். அங்ககக் கார்பன் ஏறுகிறதா, செடி எடுக்கும் அளவு இறங்குகிறதா என்று இந்த இரண்டு எண்ணை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவை.

பிள்ளை விளையாடுகிற மூலையை நீ மறந்தே போனாய். காய்கறி வழியாகப் போவதைவிட, குழந்தை கை வழியாக வாய்க்குப் போகும் மண்தூசிதான் ஈயத்தில் அதிக ஆபத்து. அங்கே வெறும் மண் தெரியக்கூடாது. எரு கலந்து அருகம்புல் பதித்துவிடு, சுவரோரத்தில் இரண்டடிக்குக் கப்பி போட்டு மூடு. தோட்டத்துச் செருப்பு வீட்டுக்குள் வரவேண்டாம். துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடை, தூசி கிளம்பாது.